வளர்ந்த ஆண்களின் ஆட்டிசமும் ஏடிஹெச்டியும்: 18 வயதோடு நின்றுவிடும் பரிசோதனை - ஓர் அலசல்

புது தில்லி: மலையாளத் திரைப்பட நடிகர் ஃபஹத் ஃபாசில், தமக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருப்பது 41 வயதில் கண்டறியப்பட்டதாக 2024-ஆம் ஆண்டு மே மாதம் தெரிவித்தார். கேரள மாநிலம் கோதமங்கலத்தில், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான மையம் ஒன்றின் விழாவில் அவர் இதைக் கூறினார். இரண்டொரு நாள்கள் இணையமெங்கும் அது பேசுபொருளாக இருந்தது, பிறகு அடங்கிப்போனது.

அந்தச் செய்தியில் ஆராயத்தக்கது அவர் குறிப்பிட்ட வயது. ஏடிஹெச்டி, ஆட்டிசம் ஆகிய இரண்டும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலைகள். 41 வயதில் ஒருவருக்கு ஏடிஹெச்டி புதிதாக ‘வருவதில்லை’. பள்ளி வகுப்பறையில் இருந்தது, கல்லூரி விடுதியில் இருந்தது, முதல் வேலையில் இருந்தது. பெயர்தான் தெரியாமல் இருந்தது. வசதியும் புகழும் மருத்துவத் தொடர்புகளும் வாய்த்த ஒருவருக்கே நாற்பது ஆண்டுகள் ஆயின என்றால், லக்னௌவிலோ ராஞ்சியிலோ மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு அந்தப் பெயர் எப்போது தெரியவரும் என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியல்ல.

சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் இது எளிதில் குணமாகிவிடும் என்ற கருத்தும் அந்த நாள்களில் செய்திகளில் வலம் வந்தது. அது சரியான புரிதலன்று. முன்கூட்டியே கண்டறிந்தால் சமாளிக்கும் வழிகளை முன்கூட்டியே கற்கலாம். படிப்பும் தன்னம்பிக்கையும் சிதையாமல் காக்கலாம். குணமாகி மறைந்துவிடும் நோயாக இதனை மருத்துவ உலகம் கருதுவதில்லை. சிறுவயதில் ஏடிஹெச்டி இருந்தவர்களில் கணிசமானோருக்கு அதன் தாக்கம் வளர்ந்த பின்னும் தொடர்கிறது. ஆட்டிசம் வாழ்நாள் முழுவதும் உடன்வருவது.

குழந்தைகளுக்கு உண்டு, தந்தையர்க்கு இல்லை

இந்தியாவில் இவ்விரு நிலைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தைகளைச் சுற்றியே அமைந்துள்ளன. ஹரியாணாவின் பல்வல், இமாசலப் பிரதேசத்தின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்றாவது இருப்பதாக அது கண்டறிந்தது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளனவா என்று பரிசோதிக்கப்படுகிறது. மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கவும் அத்திட்டம் வழிசெய்தது. நடைமுறையில் குறைகள் பல இருப்பினும், குழந்தைக்கு ஒரு கதவேனும் இருக்கிறது. 18 வயது நிறைந்த மறுநாள் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. மறுபக்கத்தில் வேறொரு கதவு இல்லை.

உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், சிறுவயதில் தொடங்கிய ஏடிஹெச்டி வளர்ந்த பின்னும் தொடர்வோர் வயதுவந்தோரில் சுமார் 2.5 சதவீதம் எனக் கணிக்கின்றனர். இந்திய ஆண்களுக்கு அதே விகிதத்தைப் பொருத்தினால் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டும். இது வெறும் பெருக்கல் கணக்கு. களத்தில் எடுத்த கணக்கெடுப்பு அல்ல. ஆயினும் பிரச்சினையின் அளவை உணர்த்த அது போதும். ஆட்டிசத்தைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. பெண்களை விட ஆண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இது கண்டறியப்படுகிறது.

ஆண்களிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது என்றால், ஆண்களுக்குத் தனிக் கவலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பெண்களிடம் இந்நிலைகள் கண்டறியப்படாமல் போவது குறித்து அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் விவாதம் எழுந்துள்ளது; அது தேவையானதே. ஆனால் அதிகம் கண்டறியப்படுவோர் சிறுவர்கள். அதுவும் வகுப்பறையில் அடங்காதவர்கள், பேச்சு தாமதமானவர்கள். மதிப்பெண் எடுத்த, ஓரளவு பேசிச் சமாளித்த சிறுவன் அந்த வலையில் சிக்கவில்லை. இன்று 35 அல்லது 40 வயதில் இருக்கும் ஆண் பள்ளியில் படித்த 1990-களில், இந்தியச் சட்டமே ஆட்டிசத்தை அறிந்திருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதற்கு முதன்முதலில் இடமளித்தது. மேலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, ஒரே நபருக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருப்பதாகச் சான்றளிப்பதை 2013 வரை அனுமதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருப்பது சாதாரணம் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. அக்காலத்தில் கண்டறியப்பட்ட சிலருக்கும் பாதிப் பெயர்தான் கிடைத்திருக்கும்.

கோபக்காரன், பொறுப்பற்றவன், அழுத்தக்காரன்

பொதுவான சித்திரம் ஒன்றைப் பார்ப்போம். இது தனியொருவரின் கதையல்ல. மனநல மருத்துவர்களிடம் வரும் பலரது வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் கூறுகளின் சேர்க்கை. பள்ளியில் ‘கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது’ என்ற குறிப்பு ஆண்டுதோறும் மதிப்பெண் அட்டையில் இடம்பெற்றிருக்கும். காலையில் எழுப்புவது முதல் தேர்வுக் கட்டணம் கட்டுவது வரை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். விடுதியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பாடங்கள் நிலுவையாகும். பிறகு எட்டு ஆண்டுகளில் ஆறு வேலைகள். மின்கட்டணம் கட்டப் பணம் இருந்தும் இணைப்புத் துண்டிக்கப்படும். ஆட்டிசம் உள்ளவராக இருப்பின், சித்திரம் சற்று மாறும்: வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் கூட்டங்களில் மேலாளரின் தவற்றை எல்லோர் முன்னிலையிலும் திருத்துவார், திருமண வீட்டின் இரைச்சலில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, ‘என்னிடம் மனம்விட்டுப் பேசுவதே இல்லை’ என்பது மனைவியின் முறையீடாக இருக்கும்.

இவற்றை நம் சமூகம் அறிகுறியாகப் படிப்பதில்லை, குணமாகப் படிக்கிறது. முன்கோபம் ஆண்மையின் ஓர் அம்சமாகவே பல வீடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. பேசாதிருப்பதும் அப்படியே. கட்டுப்படுத்த இயலாத உணர்ச்சிக் கொந்தளிப்பு ஏடிஹெச்டியுடன் அடிக்கடி காணப்படுவது. ஆனால் ஓர் ஆண் தட்டை விட்டெறிந்தால், ‘அவங்க அப்பாவும் இப்படித்தான்’ என்ற வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ‘அப்பாவும் இப்படித்தான்’ என்பதில் மருத்துவ உண்மை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. இவ்விரு நிலைகளும் மரபுவழி வலுவாகக் கடத்தப்படுபவை. மகனுக்குப் பரிசோதனை செய்ய வந்த இடத்தில் கேள்விப்பட்டியலைப் படித்து, தம்மையே அடையாளம் கண்டுகொண்ட தந்தையர் உலகெங்கும் உண்டு. பல ஆண்களுக்குத் தம் நிலையை அறியும் முதல் வழியே அதுதான்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோயறிதல் என்பது வன்முறைக்கான உரிமச் சீட்டு அல்ல. ஏடிஹெச்டியோ ஆட்டிசமோ உள்ள ஆண்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்லர். அடிக்கும் ஒருவருக்கு ஏடிஹெச்டி இருந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனைவிக்குள்ள பாதுகாப்பு அதனால் குறைந்துவிடுவதுமில்லை. காரணத்தை அறிவது வேறு, பொறுப்பைக் கைவிடுவது வேறு.

கண்டறியப்படாத ஆண்கள் வேறு வாசல்கள் வழியே அமைப்புக்குள் வருகின்றனர். மது மீட்பு மையம் அவற்றுள் முதன்மையானது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசியக் கணக்கெடுப்பின் 2019-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்திய ஆண்களில் 27.3 சதவீதத்தினர் மது அருந்துகின்றனர். பெண்களில் அது 1.6 சதவீதம். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவோரில் ஐந்தில் ஒருவருக்கேனும் ஏடிஹெச்டி இருப்பதாகப் பன்னாட்டு ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அப்படியானால் நம் மீட்பு மையங்களில் ஐந்தில் ஒரு படுக்கையில் இருப்பவருக்கு அடிப்படைக் காரணத்தில் ஒன்று தொடப்படாமலேயே சிகிச்சை முடிகிறது என்று ஐயுற இடமுண்டு. மீண்டும் குடிக்கத் தொடங்கும்போது ‘மன உறுதி இல்லை’ என்ற பழைய தீர்ப்பே திரும்பவும் வழங்கப்படும்.

சாலை இன்னொரு வாசல். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஸ்வீடன் நாட்டில் ஏடிஹெச்டி உள்ள 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஆண்கள் மருந்து உட்கொண்ட காலங்களில், உட்கொள்ளாத காலங்களை ஒப்பிட, கடுமையான வாகன விபத்து அபாயம் 58 சதவீதம் குறைந்திருந்ததாக அது தெரிவித்தது. ஸ்வீடன் சாலையும் நம் சாலையும் ஒன்றல்ல. எனினும் கவனக்குறைவு என்ற சொல்லைக் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையில் மட்டுமே நாம் சந்திக்கிறோம் என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவது வாசல் எல்லாவற்றிலும் கொடியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுப்படி 2022-இல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆண்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்நிலைகள் இருந்தன என்பதைச் சொல்ல அந்த ஆவணத்தில் கட்டமே கிடையாது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிச நிலையினரிடையே தற்கொலை அபாயம் பன்மடங்கு அதிகம் என ஸ்வீடனில் 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, வெளிப்பார்வைக்கு ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ எனத் தோன்றுபவர்களே அதிக ஆபத்தில் உள்ளனர்.

பரிசோதனை என்றால் என்ன?

இணையத்தில் பத்துக் கேள்விகளுக்கு விடையளித்து ‘எனக்கு ஏடிஹெச்டி’ என முடிவுக்கு வருவோர் பெருகியுள்ளனர். டிக்டாக் தளத்தில் பெரிதும் பார்க்கப்பட்ட 100 ஏடிஹெச்டி காணொளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் பாதிக்கும் சற்று மேல் தவறான தகவல் தருபவை எனக் கண்டது. அந்தத் தளம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருந்தாலும், அதே வகைக் காணொளிகளுக்கு இங்கு பஞ்சமில்லை. ஆனால் இதைச் சொல்லி எல்லோரையும் கேலி செய்து அனுப்பிவிடும் மருத்துவர்களும் இருக்கின்றனர். காணொளி பார்த்து வந்தவர் என்பதாலேயே ஒருவரது துன்பம் பொய்யாகிவிடாது.

முறையான மதிப்பீடு ஓரிரு மணி நேரத்தில் முடிவதன்று. உலக சுகாதார அமைப்பின் துணையுடன் உருவான ஆறு கேள்விச் சல்லடை முதல் படி மட்டுமே. ஏடிஹெச்டி என உறுதிசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தன என்பதும், வீடு, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை இடர் தருகின்றன என்பதும் நிறுவப்பட வேண்டும். தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்றவையும் இதே தோற்றம் தரும். அவற்றை விலக்கவோ, சேர்ந்தே இருப்பின் தனியே குறிக்கவோ வேண்டும். ஆட்டிசத்துக்கோ மூன்று, நான்கு வயதில் அவர் எப்படி விளையாடினார், எப்போது பேசினார், எதற்கு அழுதார் என்பதைச் சொல்ல ஓர் ஆள் தேவை.

இங்குதான் நடைமுறைச் சிக்கல் தொடங்குகிறது. 45 வயது ஆணின் தாய் உயிருடன் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், ‘என் மகனுக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று தொடங்கி அதே சொற்களில் முடிக்கலாம். மூத்த அக்காவோ அத்தையோ இவ்விடத்தில் சிறந்த சாட்சி என்பதை அனுபவமுள்ள உளவியலாளர்கள் அறிவர். கூட்டுக் குடும்பத்தில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நினைவில் வைத்திருப்பதைத் தந்தையார் கவனித்தே இருக்கமாட்டார். பரணில் கிடக்கும் பழைய மதிப்பெண் அட்டைகளும் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்புகளும் கேள்விப்பட்டியல்களைவிடப் பல நேரங்களில் அதிகம் பேசும்.

மதிப்பீட்டுக் கருவிகளும் நம் மண்ணுக்காக நெய்யப்பட்டவை அல்ல. வயதுவந்தோருக்கான ஆட்டிச மதிப்பீட்டு முறைகளில் பல ஆங்கிலத்தில், மேற்கத்திய வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு உருவானவை. விருந்துக்குச் செல்வதா, நூலகத்துக்குச் செல்வதா எனக் கேட்கும் வினாவுக்கு, இரண்டுக்கும் வழியில்லாத ஊரில் வளர்ந்தவர் என்ன விடை தருவார்? கண்ணைப் பார்த்துப் பேசாதிருப்பது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்று. பெரியவர் முன் தலைகுனிந்து பேசுவதையே மரியாதை எனக் கற்ற ஒருவரிடம் அதை எப்படி அளப்பது? மொழிபெயர்ப்பு இதற்குப் போதாது. உள்ளூர் வாழ்க்கையை அறிந்து, வினாவைத் திருப்பிக் கேட்கத் தெரிந்த மதிப்பீட்டாளர் தேவை.

அத்தகையோர் அரிது. இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற முதன்மைத் தகுதியாக எம்.ஃபில். படிப்பே நீண்டகாலம் இருந்துவந்தது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்களித்தது. ஏற்கெனவே மெலிந்த படையின் பயிற்சிப் பாதையே மாறிக்கொண்டிருக்கும் வேளை இது. உள்ளவர்களும் பெருநகரங்களில் குவிந்துள்ளனர். அங்கு முழு மதிப்பீட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். மனநோய்க்கும் உடல்நோய்க்கு ஒப்பான காப்பீடு அளிக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் கூறினாலும், மருத்துவமனையில் படுக்காமல் செய்துகொள்ளும் உளவியல் மதிப்பீட்டுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை.

நாற்பது சதவீதத்தின் இரு கரைகள்

சட்டத்தைப் பொறுத்தவரை இவ்விரு நிலைகளும் வெவ்வேறு கரைகளில் நிற்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் உள்ளது, ஏடிஹெச்டி இல்லை. ஆட்டிசம் உள்ளவர், குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்றால், அரசு வேலைகளுக்கான நான்கு சதவீத இடஒதுக்கீட்டில், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினருடன் ஒரு சதவீதத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஏடிஹெச்டி மட்டும் உள்ளவருக்குச் சான்றிதழ் பெறும் நேரடி வழியே இல்லை.

சான்றிதழ் பெறும் முறையும் கேள்விக்குரியது. செகந்திராபாதில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-இல் வெளியிட்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலே இதற்கு அடிப்படை. 40 கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டாவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று கொள்ளப்படும். கண்ணால் காணக்கூடிய நடத்தைகளை எண்ணும் இம்முறை, பேச்சு வராத சிறுவனை அடையாளம் காண உதவும். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்ட ஒரு பொறியாளரின் உள்ளே நடப்பதை அது எப்படி எண்ணும்? வேடம் நன்றாக அமைந்தவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. அந்த வேடத்துக்கு அவர் தரும் விலை, அலுவலகத்திலிருந்து திரும்பியதும் இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பது, எந்தக் கட்டத்திலும் நிரப்பப்படுவதில்லை.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் நிர்வாகத்தைவிட ஓரடி முன்னே உள்ளன. எழுதுவதில் நரம்பியல் சிரமம் இருந்த குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், தேர்வில் உதவி எழுத்தர் பெறும் வசதியை 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநலக் குறைபாட்டின் விளைவாக எழுந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடாகும் என்றது. இரண்டுமே ஆட்டிசம், ஏடிஹெச்டி பற்றிய வழக்குகள் அல்ல. ஆனால் இருக்கையை மாற்றுதல், வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் பணி அளித்தல், இரைச்சல் தடுக்கும் காதணிக்கருவி அணிய அனுமதித்தல் போன்ற சிறு ஏற்பாடுகளைக் கோர, சதவீதக் கணக்கு தடையாக இருக்கலாகாது என வாதிட அவை இடம் தருகின்றன. நீண்டகால மனக் குறைபாடு, சமூகத் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளியே எனச் சட்டத்தின் பொது வரையறை கூறுகிறது. பட்டியலில் பெயரில்லாத ஏடிஹெச்டிக்கும் இந்த வழி திறந்திருப்பதாகவே தோன்றுகிறது. யாரேனும் ஒருவர் நீதிமன்றப் படியேறி அதை உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

தனியார் துறையில், ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி ஆட்டிசம் உள்ளவர்களைப் பணியமர்த்தும் திட்டத்தைப் பெங்களூருவில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. அதைப் பின்பற்றியோர் உள்ளனர். பெரும்பாலும் மென்பொருள் துறையோடு அது நின்றுவிடுகிறது. வங்கிக் கிளையிலும் பேருந்துப் பணிமனையிலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் இருப்பவர்களுக்கு அத்தகைய திட்டம் ஏதுமில்லை.

திருமணமும் மறைப்பும்

பரிசோதனைக்கு வராதிருக்க ஆண்கள் சொல்லும் காரணங்களில் திருமணம் தனியிடம் பெறும். மணமாகாதவர் வீட்டில், ‘மனநல மருத்துவரிடம் போனான் என்று தெரிந்தால் பெண் கிடைக்காது’ என்ற அச்சம். மணமானவருக்கு, அந்தச் சான்று நாளை குடும்பநல நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் ஆவணமாகும் என்ற அச்சம். இரண்டாவது அச்சம் முற்றிலும் கற்பனையல்ல; இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு மனநலக் கோளாற்றை மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் அது எல்லையற்ற ஆயுதமுமல்ல. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது கடுமையானது என்று நிறுவ வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988-லேயே தெளிவுபடுத்தியது. மனநல மருத்துவச் சட்டமும், மனநோய் உள்ளது என்ற முடிவு மட்டுமே ஒருவரை சித்தசுவாதீனமற்றவர் ஆக்கிவிடாது என்கிறது. சிகிச்சை விவரங்களின் இரகசியத்தையும் காக்கிறது.

மறைத்துத் திருமணம் செய்விப்பதன் சுமை பெண்ணின் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பது மருத்துவ ஆலோசனையாகவே பல குடும்பங்களில் வழங்கிவருகிறது. அம்மா செய்துவந்த மேலாண்மை வேலை, சொல்லாமல் கொள்ளாமல் மனைவிக்கு மாற்றப்படுகிறது. அவர் களைத்துப்போகும் நாளில்தான் பிரச்சினை வெளியே தெரிகிறது. தம்பதியர் இருவரையும் அமர்த்திப் பேசும் ஆலோசனை, இவ்விடத்தில் ஆணுக்கு மட்டுமான சிகிச்சையைவிடப் பயன் தரும்.

மருந்துக் கடையில் ஒரு தடை

ஏடிஹெச்டிக்கு மருந்து உண்டு. மெத்தில்ஃபெனிடேட் அவற்றுள் முக்கியமானது. மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்பிலும் உள்ளது. மருந்துச் சீட்டு இரு படிகளாக எழுதப்பட வேண்டும்; ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால் இக்கட்டுப்பாடு தேவையே. ஆனால் இதற்குரிய உரிமம் பெற்ற கடைகள் சிறு நகரங்களில் அரிது. எதையும் மறந்துவிடுவதும் தள்ளிப்போடுவதும் அறிகுறியாக உள்ள ஒருவரை, மாதந்தோறும் புதுச் சீட்டு வாங்கி, 60 கிலோமீட்டர் பயணம் செய்து, குறித்த நாளில் மருந்து வாங்கச் சொல்கிறது இந்த ஏற்பாடு. தூண்டல் தன்மையற்ற அட்டோமாக்செட்டின் மாற்றாக உள்ளது. அது பலன் தரச் சில வாரங்களாகும்.

ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவுமில்லை. உடனிருக்கும் பதற்றம், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றுக்கு உண்டு. ‘ஸ்டெம் செல்’ சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் பணம் பறிப்போர் நாட்டில் உள்ளனர். அதனைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. மருந்துக்கு அப்பால், வயதுவந்தோருக்காக வடிவமைத்த அறிவுசார் நடத்தை சிகிச்சை, நாளை ஒழுங்குபடுத்தக் கற்பித்தல், ஒலி ஒளி உணர்வு மிகையைச் சமாளிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரின் உதவி ஆகியவை பயனளிப்பவை. பலருக்குத் தன் நிலையின் பெயரை அறிவதே முதல் நிவாரணம். ‘நான் சோம்பேறி’ என்று முப்பதாண்டுகள் தன்னைத் தானே திட்டிக்கொண்டவர், அதை நிறுத்தும் நாளிலிருந்து சிகிச்சை தொடங்குகிறது. துயரமும் உடன் வரும். முன்பே தெரிந்திருந்தால் எதையெல்லாம் இழக்காமல் இருந்திருக்கலாம் என்ற கணக்கு. அந்தக் கட்டத்தில் தனியே விடுவது ஆபத்து.

அரசு செய்யக்கூடியவற்றில் செலவு குறைந்தது ஒன்று உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. அங்குள்ள குழுவினருக்கும் மது மீட்பு மையப் பணியாளர்களுக்கும் வயதுவந்தோரின் ஏடிஹெச்டி, ஆட்டிசம் பற்றிய குறுகியகாலப் பயிற்சியும், அந்தந்த மாநில மொழியில் சரிபார்க்கப்பட்ட முதற்கட்டக் கேள்விப்பட்டியலும் அளித்தாலே, இன்று தவறவிடப்படுவோரில் ஒரு பகுதியினர் அடையாளம் காணப்படுவர். புதுக் கட்டடம் தேவையில்லை. சான்றிதழ் விதிகளைத் திருத்துவது அதைவிடக் கடினம். ஆயினும் வயதுவந்தோருக்கெனத் தனி அளவுகோல் இன்றி, குழந்தைக்கான அளவுகோலையே நீட்டி நீட்டிப் பயன்படுத்துவது நீண்டநாள் தாங்காது.

தற்போதைக்கு, தமக்கு இந்நிலை இருக்கலாம் என ஐயுறும் ஆண்கள் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் நாளின் எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் கிடைக்கிறது. அது நோயறிதலைத் தராது. அருகிலுள்ள அரசு மனநலப் பிரிவுக்கு வழிகாட்டும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும் வேளையில் பேசத் துணை நிற்கும். மதிப்பீட்டுக்குச் செல்வோர், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய மதிப்பெண் அட்டைகள், முன்பு எடுத்த மருந்துகளின் சீட்டுகள், பணி மாறிய விவரங்கள் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லலாம். சிறுவயது முதல் தம்மை அறிந்த ஒருவரையும் அழைத்துச் செல்வது நல்லது. அவர் நேரில் வர இயலாவிட்டால், தொலைபேசி வழியாகப் பேச ஏற்பாடு உண்டா என முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.